ஈராக்கில் இறந்தவர்கள் எத்தனை பேர்?

2003 மார்ச்சில் அமெரிக்கப் படை ஈராக்குக்குள்ள போச்சு. 2011 டிசம்பர்ல வெளியேறுச்சு. இந்தக் காலத்துல இறந்த அமெரிக்க வீரர்கள் சுமார் 4,500 பேர். இதுல விவாதமே கிடையாது. ஒவ்வொருத்தருக்கும் பேர், தேதி எல்லாம் பதிவுல இருக்கு.

ஈராக்கியர்கள் எத்தனை பேர்னு கேட்டாதான் சண்டை ஆரம்பிக்குது. 2006 நடுப்பகுதி வரைக்கும், வன்முறையில் இறந்தவங்களை மட்டும் எடுத்துக்கலாம். 'ஈராக் பாடி கவுண்ட்' கணக்கு 50,000-க்குள்ள. உலக சுகாதார நிறுவனமும் ஈராக் அரசும் சேர்ந்து எடுத்தது 1,51,000. 'லான்செட்' ஆய்வு சுமார் 6,00,000.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? முதல் கணக்கு, செய்திகள்லயும் பிணவறைப் பதிவுகள்லயும் வந்த பொதுமக்கள் சாவுகளை மட்டும் கூட்டுது. யாரும் எழுதாத சாவு அதுல வராது. மத்த ரெண்டும் வீடு வீடா விசாரிச்சு, நாடு முழுக்க எவ்வளவு இருக்கும்னு மதிப்பிட்டவை. லான்செட் குழு பார்த்தது 1,849 வீடுகள். இன்னொரு குழு 9,000-க்கும் மேல. அதனால லான்செட்டோட வரம்பே சுமார் 4,26,000-ல இருந்து 7,94,000 வரைக்கும் விரியுது.

போரை ஆதரிச்சவங்க சின்ன எண்ணைப் பிடிச்சாங்க, எதிர்த்தவங்க பெரிய எண்ணை. என்னைக் கேட்டா, எண்ணுக்கு முன்னாடி கேட்க வேண்டியது ரெண்டு: யாரை எண்ணினாங்க? எப்படி எண்ணினாங்க? பதிவான சாவுகளை மொத்தச் சாவுன்னு சொன்னா, பதிவாகாத ஆயிரக்கணக்கான பேரை இன்னொரு தடவை புதைக்கிற மாதிரி.