வேண்டிய பிணைப்பை மட்டும் அறுக்கலாமா?

மாமரத்தைப் பிடித்து உலுக்கினால் என்ன ஆகும்? பழத்தோடு காயும் பிஞ்சும் சேர்ந்தே உதிரும். துறட்டியால் பறித்தாலோ வேண்டிய பழம் மட்டும் கைக்கு வரும். வேதி வினைகளிலும் இதே நிலைதான். ஒரு பொருளைச் சூடாக்குவது என்பது அதன் மூலக்கூறுகள் அனைத்தையும் ஒருசேர உலுக்குவதே ஆகும். அதனால் நாம் விரும்பாத துணைப் பொருள்களும் உண்டாகின்றன.

இக்குறையை ஓரளவு நீக்குபவை உலோக வினையூக்கிகள். கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் சூடான நிக்கலின்மேல் செலுத்தினால் மீத்தேன் கிடைக்கிறது. செம்பு கலந்த வினையூக்கியின்மேல் தக்க அழுத்தத்தில் செலுத்தினால் மெத்தனால் கிடைக்கிறது. நிக்கல் பரப்பு கார்பனையும் ஆக்சிஜனையும் அடியோடு பிரித்துவிடுகிறது. செம்போ அவற்றிடையே ஒரு பிணைப்பை விட்டுவைக்கிறது. ஆனால் இங்கே தேர்வு செய்வது உலோகம்தான்; நாமல்ல. எந்தப் பிணைப்பு அறுபட வேண்டும் என்று நாமே கட்டளையிட முடியாதா?

இதற்கு வழி திறந்தது, 1981-இல் பின்னிக், ரோரர் ஆகிய இருவரும் சூரிச்சில் உருவாக்கிய டன்னலிங் நுண்ணோக்கி. இதில் கூரிய உலோக முனை ஒன்று, பரப்பைத் தொடாமல், ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் உயரத்தில் நகர்கிறது. சிறிது மின்னழுத்தம் கொடுத்தால், சுரங்க வழியே செல்வதுபோல எலெக்ட்ரான்கள் இடைவெளியைக் கடந்து பாய்கின்றன. மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து அவற்றின் ஆற்றலை மாற்றலாம். இதுவே நமது துறட்டி!

அயோடோபென்சீனைச் செம்புத் தூளுடன் சூடாக்கினால் பைஃபீனைல் உண்டாகும் என்பது 1901-லேயே உல்மான் கண்டறிந்த வினை. 2000-ஆம் ஆண்டில் பெர்லினில் ஹ்லாவும் உடன் ஆய்வாளர்களும் இவ்வினையைச் சூடின்றியே, 20 கெல்வின் (கழி 253 டிகிரி செல்சியஸ்) குளிரில், இரண்டே மூலக்கூறுகளைக் கொண்டு செய்து காட்டினர். முதலில் முனையை மூலக்கூறின்மேல் நிறுத்தி 1.5 வோல்ட் அளித்தனர். நலிந்த கார்பன்-அயோடின் பிணைப்பு மட்டும் அறுந்தது. பென்சீன் வளையத்தின் வலிய பிணைப்புகள் அசையவில்லை. அடுத்து, முனையாலேயே அயோடினை விலக்கி, எஞ்சிய இரண்டு ஃபீனைல்களையும் அருகருகே நகர்த்தினர. பிறகு 0.5 வோல்ட் அளவில் எலெக்ட்ரான்களைப் பாய்ச்சினர். இணைந்தனவா என்பதை எப்படி அறிவது? ஒரு முனையைப் பிடித்து இழுத்தனர். இரண்டு வளையங்களும் சேர்ந்தே நகர்ந்தன!

2003-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே சென்றது. செம்பின்மேல் அமர்ந்த அம்மோனியாவின் நைட்ரஜன்-ஹைட்ரஜன் பிணைப்பை நீண்டு சுருங்கும்படி அதிரச் செய்தால், மூலக்கூறு பக்கவாட்டில் இடம் மாறியது. குடை மடங்குவது போன்ற அதிர்வைத் தூண்டினாலோ, அது பரப்பை விட்டே பறந்துவிட்டது. ஒரே மூலக்கூறு, அதிர்வு வேறு, விளைவும் வேறு.

ஒவ்வொரு மூலக்கூறாகப் பிடித்துத் தொழிற்சாலை நடத்த முடியாது என்பது உண்மையே. எனினும், எந்தப் பிணைப்பு எந்த ஆற்றலுக்கு இணங்கும் என்று தெரிந்துகொண்டால், வீண் பொருள்களைத் தராத வினையூக்கிகளைத் திட்டமிட்டு அமைக்க அது உதவும். மரத்தை உலுக்காமலே பழம் பறிக்கும் கலையை நாம் இப்போதுதான் கற்று வருகிறோம்.