மூட்டை ஏன் சரிகிறது?

குடோனில் மூட்டை சரிந்து ஒருவர் அடிபட்டால், "கவனமில்லாம உருவியிருப்பான்" என்ற பேச்சுதான் முதலில் எழும். பெரும்பாலும் அது அநியாயமான பேச்சு. சரிவது ஒரு நொடியில் நடந்தாலும், அடுக்கு அதற்குப் பல நாட்களாகவே தயாராகியிருக்கும்.

அரிசியோ சிமென்டோ, வழக்கமான மூட்டை 50 கிலோ. தலைக்கு மேல் 3 மீட்டர் உயரத்திலிருந்து அது விழுந்தால், தலையில் மோதும்போது வேகம் மணிக்கு ஏறத்தாழ 28 கிலோமீட்டர். சும்மாடு எதையும் தடுக்காது.

ஒரு வரிசையை நீளவாக்கிலும் அடுத்ததைக் குறுக்கிலும் போட்டால், செங்கல் சுவர்போல மூட்டைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். எல்லாவற்றையும் ஒரே போக்கில் அடுக்கினால் தனித்தனித் தூண்களாகத்தான் நிற்கும். சணல் சாக்கு சொரசொரப்பு; பிளாஸ்டிக் சாக்கு வழுக்கும். எலி கடித்து அடிமூட்டையிலிருந்து அரிசி ஒழுகினால் அந்த மூட்டை இளைக்கும். மேலே இருப்பவை அந்தப் பக்கம் சாயும். தரை ஈரத்தில் அடிச்சாக்கு நைந்தாலும் இதேதான். இந்த நிலையில் நடுவிலிருந்து ஒன்றை உருவினால் போதும். மேலிருந்து படிப்படியாக இறக்குவதே சரி. ஆனால் மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி பேசிவிட்டு, நிதானமாக இறக்கு என்று புத்தி சொல்வதில் என்ன நியாயம்?

லாரியில் வழியெல்லாம் குலுங்கி வந்த பாரம் பின்கதவில் சாய்ந்திருக்கும். நேரே நின்று கொக்கியைத் தட்டாதீர்கள், பக்கவாட்டில் நில்லுங்கள்.

யாராவது சிக்கிக்கொண்டால் 108-ஐ அழையுங்கள். கையைப் பிடித்து இழுத்தால் முதுகெலும்புக் காயம் மோசமாகலாம். மேலே கிடக்கும் மூட்டைகளைத்தான் அகற்ற வேண்டும். கால் நெடுநேரம் நசுங்கிக் கிடந்திருந்தால், பாரம் நீங்கியதும் சிதைந்த தசையிலிருந்து பொட்டாசியம் ரத்தத்தில் கலந்து இதயத்தையே நிறுத்தக்கூடும், சிறுநீரகமும் பழுதாகலாம். "நல்லாத்தான பேசுறாரு" என்று வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். எவ்வளவு நேரம் சிக்கியிருந்தார் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வேலையில் அடிபட்டது என்பதையும் சொல்லி, மருத்துவமனை விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். "அவர் எங்க ஆள் இல்ல, கான்ட்ராக்டர் ஆள்" என்று குடோன்காரர் கைகழுவப் பார்ப்பார். 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் தொட்டே, தன் தொழிலுக்கான வேலையை ஒப்பந்தக்காரரிடம் விட்ட முதலாளிக்கும் இழப்பீட்டுப் பொறுப்பு உண்டு. விட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.