அக்காள் ஏன் தண்ணீர் குடிக்கவில்லை?

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையை வலம் வந்தவர்களுக்குத் தெரியும். அங்கே கால் வலிக்கிறது என்று சொல்ல யாரும் வெட்கப்படுவதில்லை. மலையைச் சுற்றி ஏறக்குறைய 14 கிலோமீட்டர் தூரம். இந்திர லிங்கத்தில் தொடங்கி ஈசானிய லிங்கம் வரையில் முழங்கால், குதிகால், முதுகு என்று ஒவ்வோர் அங்கத்தைப் பற்றியும் முறையீடுகள் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஒன்றைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அதைப் பற்றித்தான் எழுதத் துணிந்திருக்கிறோம்.

நம் தமக்கையாருக்கு வயது ஐம்பத்திரண்டு. மூன்று குழந்தைகளைப் பெற்றவர். சென்ற வருஷம் அவருடன் கிரிவலம் சென்றோம். சென்னையில் வண்டி ஏறியது முதல் அவர் ஒரு வாய் தண்ணீர் அருந்தவில்லை. வழியில் மோர்ப் பானையைக் கண்டபோதெல்லாம் நமக்கு நாவில் நீர் ஊறிற்று. அவரோ முகத்தைத் திருப்பிக்கொண்டார். "விரதமா, அக்கா?" என்று கேட்டோம். "அப்படித்தான் வைத்துக்கொள்ளேன், தம்பி" என்றார்.

யம லிங்கத்தைத் தாண்டியதும் அவருக்குத் தலை சுற்றிற்று. சாலை ஓரத்தில் உட்கார்த்தி விசிறினோம். நம் இல்லாள் வற்புறுத்தித் தண்ணீர் புகட்டிய பிறகே விஷயம் வெளிவந்தது. அதுவும் நம் காதில் விழாதபடி. இருமினால், தும்மினால், குடத்தைத் தூக்கினால் நீர் கசிந்துவிடுகிறதாம். ஐந்து வருஷமாக இந்தச் சங்கடம். கூட்டத்தின் நடுவில் புடவை நனைந்துவிட்டால்? அதற்கு முந்திய இரண்டு வருஷங்கள் முழங்கால் வலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டதும் இதனால்தான். ஒரு முறை வைத்தியரிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாராம். "வயதானால் அப்படித்தான் அம்மா" என்று பதில் வந்ததாம். (இவற்றை எல்லாம் அக்காளின் அனுமதி பெற்றே எழுதுகிறோம். "பெயரைப் போட்டால் உன் வீட்டு வாசற்படி ஏறமாட்டேன்" என்பது நிபந்தனை.)

வயதானால் அப்படித்தானா? இல்லை என்பதே உண்மை.

குழந்தையைத் தூளியில் போட்டு ஆட்டுகிறோம் அல்லவா? பெண்ணின் இடுப்பெலும்புக் கூட்டின் அடியிலும் அத்தகைய ஒரு தூளி இருக்கிறது. முன்புறத்து எலும்பிலிருந்து பின்புறத்து வால் எலும்பு வரை கட்டப்பட்ட தசைத் தூளி அது. மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் ஆகிய மூன்றையும் தாங்குவதும், வேண்டாத வேளையில் வாசலை மூடி வைப்பதும் அதன் வேலை. கர்ப்ப காலத்தில் அதன்மேல் பாரம் ஏறுகிறது. பிரசவத்தில் மிகவும் இழுபடுகிறது. மாதவிலக்கு நிற்கும் பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குறைவதால் அந்தப் பகுதியின் திசுக்கள் மெலிகின்றன. தீராத இருமலும், மலச்சிக்கலும், உடல் பருமனும், பெரும் சுமை தூக்குவதும் தூளியை மேலும் தொய்யச் செய்கின்றன. தொய்வு அதிகமானால் கர்ப்பப்பையே கீழே சரிவதும் உண்டு. "அடி இறங்கிவிட்டது" என்று கிராமத்துப் பாட்டிமார்கள் சொல்வது இதைத்தான்.

தசை என்றால் அதைப் பழக்கிப் பலப்படுத்தலாம் அன்றோ? 1936-ல் இங்கிலாந்தில் மார்கரெட் மாரிஸ் என்ற நடனக் கலைஞர், பிரசவமான பெண்களுக்கு உரிய அப்பியாசங்களில் இந்தத் தசைகளை இறுக்கித் தளர்த்துவதையும் சேர்த்து எழுதினார். 1948-ல் அமெரிக்க வைத்தியர் ஆர்னால்ட் கெகல் இதை ஒரு சிகிச்சை முறையாகவே வெளியிட்டார். அவர் பெயரால்தான் இது இன்று வழங்குகிறது. நம் நாட்டு ஹடயோக பிரதீபிகையில் மூலபந்தம் இல்லையா என்று சில நேயர்கள் கேட்பார்கள். இருக்கிறது, அதிலும் அடிப்பகுதியைச் சுருக்கி மேலே இழுக்கத்தான் சொல்லியிருக்கிறது. ஆனால் அது யோகியின் சாதனைக்காக எழுதப்பட்டது. பிள்ளை பெற்றுத் தளர்ந்த தாய்க்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை. ஆகையால் மார் தட்டிக்கொள்வதில் அவசரம் வேண்டாம்.

பயன் உண்டா என்பதற்கு அத்தாட்சியும் இருக்கிறது. உலகெங்கும் நடந்த பரிசோதனைகளைத் திரட்டி 2018-ல் காக்ரேன் அமைப்பு ஆராய்ந்தது. இருமும்போது நீர் கசியும் பெண்களில் இந்த அப்பியாசம் செய்தவர்களில் நூற்றுக்கு 56 பேர் குணமடைந்ததாகச் சொன்னார்கள். செய்யாதவர்களில் 6 பேர்தான்.

ஊர் திரும்பியதும் அக்காளை வேறொரு பெண் வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். அவர் பரிசோதித்துவிட்டுக் கற்றுக்கொடுத்தது இது: வாயுவையும் நீரையும் ஒருசேர அடக்குவதுபோல் உள்ளே இறுக்கி மேலே இழுக்க வேண்டும். வயிறும், தொடையும், பிருஷ்டமும் சும்மா இருக்கட்டும், மூச்சை அடக்கலாகாது. சில விநாடிகள் நிறுத்தி, அதே அளவு நேரம் நன்றாகத் தளர்த்த வேண்டும். நாளடைவில் பத்து விநாடி வரை நிறுத்தப் பழகலாம். வேளைக்கு எட்டு முறைக்குக் குறையாமல், நாளைக்கு மூன்று வேளை, மூன்று மாதமாவது விடாமல் செய்ய வேண்டும். இருமல் வரும்போதும், குடத்தைத் தூக்கும்போதும் முன்கூட்டியே ஒரு முறை இறுக்கிக்கொள்வது மிகவும் உதவும். சிறுநீர் கழிக்கும்போது இடையில் நிறுத்திப் பழகுவது மட்டும் கூடாது.

பரிசோதனை எதற்கு என்றால், பல பெண்கள் மேலே இழுப்பதாக எண்ணிக்கொண்டு கீழ்நோக்கி முக்குகிறார்கள், அது கெடுதல். வேறு சிலருக்குத் தசை ஏற்கெனவே இறுகியிருக்கும்; அவர்கள் முதலில் தளர்த்தத்தான் கற்க வேண்டும். சிறுநீரில் ரத்தம், மாதவிலக்கு நின்ற பிறகு உதிரப்போக்கு, ஏதோ கட்டிபோல வெளியே தட்டுப்படுதல் ஆகியவை இருந்தால் அப்பியாசத்தை நம்பி வீட்டில் இருக்கலாகாது. இறங்கிய கர்ப்பப்பையைத் தாங்குவதற்கு உள்ளே பொருத்தும் வளையமும் உண்டு. வேண்டுமானால் சத்திர சிகிச்சையும் உண்டு.

அக்காளின் "விரதத்தை"யும் அந்த வைத்தியர் விட்டுவைக்கவில்லை. தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் கடுமையாகி மூத்திரப்பையை உறுத்தும். மலச்சிக்கல் வந்து முக்க நேரும். தூளி இன்னும் தொய்யும். நடையை நிறுத்தாதீர்கள் என்றும் சொன்னார். நடப்பதனால் மட்டும் இந்தத் தசை பலப்பட்டுவிடாது. ஆனால் உடல் பருமனாகாமல் இருக்க அது உதவும் அல்லவா?

மூன்று மாதம் என்றார்கள். அக்காளுக்கு ஐந்து மாதம் ஆயிற்று. நடுவில் இரண்டு கல்யாணங்கள் வந்து அப்பியாசம் தடைப்பட்டதே காரணம். முழுக்கக் குணமா என்றால், பெரிய தும்மல் வரும்போது இன்னும் கொஞ்சம் பயந்தான் என்கிறார்.

இந்த வருஷமும் கிரிவலம் சென்றோம். யம லிங்கத்தைத் தாண்டி, சென்ற முறை உட்கார்ந்த அதே இடத்துக்கு அருகில் ஒரு மோர்க்காரி இருந்தாள். அக்காள் இரண்டு தம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, "தம்பி காசு கொடுப்பான்" என்று அவளிடம் சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.