"நான்" என்று பேசுவது யார்?

பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களில் ஒரு கவலை உண்டு. பிள்ளை வீட்டில் தமிழ் பேசுகிறான். தெருவில் கன்னடம் பேசுகிறான். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிக்கிறான். தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டும் தெரியவில்லை. "நாளைக்கு இவன் தன்னை யார் என்று சொல்லிக்கொள்வான்?" என்று பெற்றோர் கேட்கிறார்கள்.

இலக்கியத்தில் இது பழைய கேள்வி. கதையிலோ கவிதையிலோ "நான்" என்று பேசுகிறவர் யார்? எழுதியவர்தானா, வேறு ஒருவரா? இந்தக் கேள்வியோடு வாழ்நாள் முழுதும் உறவாடிய ஒருவர் நம் பக்கத்து மைசூரில் பிறந்தவர். அவர் ஏ.கே. ராமானுஜன். கணித மேதை ராமானுஜன் வேறு, இவர் கவிஞர்.

மூன்று மொழி வீடு

1929-ல் பிறந்த ராமானுஜனின் வீடு தமிழ் பேசும் வைணவக் குடும்பம். தந்தை மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். கீழே சமையலறையில் அம்மாவோடு தமிழ். மாடியில் அப்பாவின் அறையில் ஆங்கிலம். வாசலைத் தாண்டினால் கன்னடம். இப்படியே வளர்ந்தார். கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் கவிதை எழுதினார். பழந்தமிழை அவர் முறையாகக் கற்றதில்லை.

பிறகு அமெரிக்காவுக்குப் போனார். 1962-ல் ஒரு சனிக்கிழமை, சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில் பழந்தமிழ் இலக்கண நூல் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். கைக்குக் கிடைத்தது வேறு புத்தகம். அது 1937-ல் டாக்டர் உ.வே. சாமிநாதையர் உரையோடு பதிப்பித்த குறுந்தொகை. அலமாரிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து புரட்டினார். உரை அவருக்குப் புரிந்தது. உரையைப் பிடித்துக்கொண்டே பாட்டுக்குள் போனார். அம்மாவிடம் கேட்டுப் பழகிய தமிழ் வீண்போகவில்லை.

அந்தப் பாடல்களை ஆங்கிலமாக்கி 1967-ல் ஒரு நூலாக வெளியிட்டார். தமிழின் அகப்பாடல்களை உலகம் முழுவதும் வாசகர் அறிந்ததில் இந்த நூலுக்குப் பெரும் பங்கு உண்டு.

பெயர் சொல்லாத மரபு

பாடல்களுக்கு அவர் வைத்த தலைப்புகளைக் கவனிக்கவேண்டும். "அவள் சொன்னது", "அவன் சொன்னது", "அவள் தோழி சொன்னது" என்பவையே தலைப்புகள். தலைவி கூற்று, தலைவன் கூற்று, தோழி கூற்று என்று நம் உரைகள் குறித்ததை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார்.

அகப்பாட்டில் வரும் மாந்தரின் பெயரைச் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. அதனால் பாட்டில் பேசுகிற "நான்" எந்த ஊர்ப் பெண்ணாகவும் இருக்கலாம். ஆண் புலவர் பெண்ணாக நின்று பேசுவார். இளைஞர் செவிலித்தாயாக நின்று புலம்புவார். செம்புலப்பெயல்நீரார் என்ற புலவரின் சொந்தப் பெயரே நமக்குத் தெரியாது. பாட்டில் அவர் சொன்ன உவமையே அவருக்குப் பெயராகிவிட்டது.

அமெரிக்காவின் "நான்"

ராமானுஜன் குடியேறிய அமெரிக்காவில் வழக்கம் வேறு. பாரதியார் தம் கட்டுரையில் போற்றிய வால்ட் விட்மன், 1855-ல் தம் கவிதை நூலைத் தாமே வெளியிட்டார். முகப்பில் ஆசிரியர் பெயர் இல்லை. படம் மட்டும் இருந்தது. ஆனால் கவிதைக்குள்ளே தம் பெயரைத் தாமே சொல்லிக்கொண்டார். அந்த "நான்" அடிமையாகவும் கூலியாகவும் சிப்பாயாகவும் மாறிமாறிப் பேசுகிறது.

மார்க் ட்வெய்ன் எழுதிய ஹக்கிள்பெரி ஃபின் கதையை, படிப்பு ஏறாத பையன் ஒருவன் தன் கொச்சை மொழியிலேயே சொல்கிறான். பெரியவர்கள் பாவம் என்று சொல்லிக்கொடுத்ததை மீறி, ஓர் அடிமைக்கு உதவ முடிவு செய்கிறான். அந்த முடிவை அவன் வாயாலேயே கேட்பதால்தான் நெஞ்சில் தைக்கிறது.

1952-ல் ரால்ஃப் எலிசன் எழுதிய நாவலில் கதை சொல்லும் கறுப்பு இளைஞனுக்குக் கடைசி வரை பெயரே கிடையாது. எதிரே நிற்கும் அவனை மனிதனாக யாரும் பார்ப்பதில்லை என்பதே அதன் பொருள்.

பெயர் இல்லாமையில் இப்படி இரண்டு வகை இருக்கிறது. நம் புலவர்கள் மற்றவர்க்கும் இடம் தர விரும்பித் தாமே பெயரை விட்டார்கள். எலிசனின் இளைஞனிடமிருந்து பிறர் பறித்தார்கள். முன்னது மரபு, பின்னது அநீதி.

மாஸ்தியின் ரங்கன்

பெங்களூர் கவிபுரத்தில் வாழ்ந்த மாஸ்தி வெங்கடேச ஐயங்காருக்கும் வீட்டு மொழி தமிழ்தான். கன்னடச் சிறுகதைக்குத் தந்தை என்று போற்றப்படுபவர். ஞானபீடப் பரிசு பெற்றவர். 1910-ல் அவர் எழுதிய கதையில், பெங்களூரில் ஆங்கிலம் படித்த ரங்கன் கிராமத்துக்குத் திரும்புகிறான். பையன் மாறிவிட்டானா என்று பார்க்க ஊரே கூடுகிறது. ஒரு பாட்டி அவன் மார்பைத் தடவிப் பார்த்து, பூணூல் இருக்கிறது என்று நிம்மதி அடைகிறாள்! இந்தக் கதையை "நான்" என்று சொல்பவன் மாஸ்தி அல்ல, சியாமன் என்ற கிராமத்து ஆள். ஊரின் பயத்தை அவன் சிரிப்போடு பார்க்கிறான். ரங்கன் ரங்கனாகவே இருக்கிறான் என்பது அவனுக்குத் தெரிகிறது.

நம் வீட்டுக் கவலையும் அந்தப் பாட்டியின் கவலைதான்.

உழைத்துப் பெறுவது

ராமானுஜன் 1978-ல் கன்னடத்தில் ஒரு குறுநாவல் வெளியிட்டார். "மற்றொருவனின் சுயசரிதை" என்பது அதன் தலைப்பின் பொருள். சுயசரிதை எப்படி மற்றொருவனுடையது ஆகும்? ஒரே ஆளுக்குள் பல "நான்" இருக்கலாம் என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டார். 1993-ல் சிகாகோவில் காலமாகும் வரை மூன்று மொழிகளில் எதையும் அவர் விடவில்லை.

சொந்த மரபு பிறப்பினால் தானாக வந்துவிடாது, உழைத்துப் பெறவேண்டும் என்பது அவர் அனுபவத்தில் கண்டது. அதற்கு இரண்டு பேர் உதவியிருக்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசிய தாய் ஒருவர். பாட்டைத் தேடிப் பதிப்பித்து உரையும் எழுதி வைத்த சாமிநாதையர் இன்னொருவர். இருவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் அந்தச் சனிக்கிழமை பலித்திராது.

ஆகவே, பிள்ளை கன்னடம் நன்றாகப் பேசுகிறான் என்று வருந்தவேண்டாம். அது வாழ்கிற ஊரின் மொழி. வீட்டில் தமிழை விடாமல் பேசுங்கள். அல்சூர் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்கத்தில் நூலகம் இருக்கிறது. ஒரு நாள் கையைப் பிடித்து அழைத்துப் போங்கள். அலமாரியில் உரையோடு கூடிய ஒரு புத்தகத்தையாவது வாங்கி வையுங்கள். அவன் எந்த வயதில் தேடுவான் என்று யாருக்கும் தெரியாது. ராமானுஜன் தேடியபோது அவருக்கு வயது 33.