பூட்டை இழுத்துப் பார்த்தீர்களா?

வெளியே கிளம்பும்போது நம் வீட்டுப் பெண்கள் தவறாமல் செய்கிற காரியம் ஒன்று உண்டு. வாசற்கதவைப் பூட்டுவார்கள், சாவியைப் பத்திரப்படுத்துவார்கள், பிறகு பூட்டைப் பிடித்து இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பார்கள். "அதுதான் பூட்டியாகிவிட்டதே, பஸ் போய்விடப் போகிறது!" என்று வீட்டுக்காரர் பறப்பார். பறக்கட்டும். பூட்டு தொங்குவது வேறு, பூட்டியிருப்பது வேறு என்பது அந்த அம்மாளுக்குத் தெரியும். இந்தச் சின்ன வித்தியாசத்தில் டென்மார்க் தேசத்தில் எட்டு உயிர்கள் போயின.

டென்மார்க்கில் தீவுகள் அதிகம். தலைநகரமான கோபன்ஹேகன் ஒரு தீவில் இருக்கிறது. அதற்கு மேற்கே இன்னொரு பெரிய தீவு. நடுவில் 'பெரிய பெல்ட்' என்ற ஜலசந்தி. இதைக் கடந்து 1997-ஆம் வருஷத்திலிருந்து ரயில் ஓடுகிறது. கிழக்குப் பாதியில் கடலுக்கு அடியில் சுரங்கம். மேற்குப் பாதியில் ஆறரைக் கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள பாலம். பாலத்தின் இரண்டு பக்கமும் கடல்தான். காற்றைத் தடுக்க ஒரு மரம்கூடக் கிடையாது.

2019 ஜனவரி 2-ந் தேதி, காலை சுமார் ஏழரை மணி. அந்த ஊரில் அந்த மாதத்தில் ஏழரை என்றால் இன்னும் இருட்டுத்தான். புத்தாண்டு விடுமுறை முடிந்த மறுநாள். 130-க்கு மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு பிரயாணி ரயில் கோபன்ஹேகனை நோக்கிப் பாலத்தில் வந்துகொண்டிருந்தது. பலமான காற்று. பக்கத்துத் தண்டவாளத்தில் எதிரே ஒரு சரக்கு ரயில். அதன்மேல் லாரி ட்ரெய்லர்கள் சக்கரத்தோடு சவாரி செய்துகொண்டிருந்தன. ஒரு ட்ரெய்லருக்குள் காலி பீர் பாட்டில் பெட்டிகள். காற்று அந்த ட்ரெய்லரை இருந்த இடத்தைவிட்டுப் பெயர்த்துத் தள்ளியது. எதிரே வந்த ரயில் அதில் போய் மோதியது. இறந்தவர்கள் அனைவரும் பிரயாணி ரயிலில் இருந்தவர்கள்.

காற்றின்மேல் பழி போடுவது சுலபம். ஆனால் காற்று அடிக்கும் என்று தெரிந்துதானே பூட்டு வைத்திருக்கிறார்கள்! அந்தப் பூட்டு என்ன செய்துகொண்டிருந்தது?

ட்ரெய்லரின் முன்பக்கம், அடியில், கீழ்நோக்கி ஓர் எஃகு முளை நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு அங்குலப் பருமன். லாரிக்காரர்கள் அதைக் கிங்பின் என்பார்கள். சாலையில் லாரியின் எஞ்சின் பகுதி இந்த முளையைக் கவ்வித்தான் அத்தனை பெரிய ட்ரெய்லரையும் இழுத்துப் போகிறது. ரயிலில் போகும்போதும் அதே முளைதான் பிடிமானம். கிரேன் ட்ரெய்லரைத் தூக்கி வாகனில் இறக்கும். பின்சக்கரங்கள் ஒரு பள்ளத்தில் உட்காரும். கிங்பின் ஒரு துவாரத்துக்குள் இறங்கும். இறங்கியதும் உள்ளேயுள்ள இரும்புத் தாடை தானாக அதைக் கவ்விக்கொள்ள வேண்டும்.

அன்றைக்குக் கவ்வவில்லை. விசாரணை செய்தவர்கள் கண்ட முடிவு இதுதான்: கிங்பின் பூட்டப்பட்டிருக்கவில்லை. துவாரத்துக்குள் உட்கார்ந்தது என்னவோ வாஸ்தவம். பார்க்கிறவர் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே இருந்திருக்கும். பூட்டின் அசையும் பாகங்கள் எவ்வளவு சுத்தமாக இருந்தன, கிரீஸ் ஒழுங்காகப் போட்டார்களா என்பதெல்லாம் விசாரணையில் பெரிய விஷயங்களாயின. தையல் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பஞ்சும் தூசியும் அடைந்து, எண்ணெய் காணாத மெஷினில் எந்தப் பாகம் எப்போது சண்டித்தனம் செய்யும் என்று யார் சொல்ல முடியும்? பாரம் ஏற்றிய ட்ரெய்லராக இருந்தால் தன் கனத்தினாலாவது கொஞ்சம் ஊன்றி நின்றிருக்கும். இதில் இருந்ததோ காலிப் பாட்டில்!

உடனே அதிகாரிகள் இந்த மாதிரி வாகன்களில் ட்ரெய்லர் ஏற்றுவதற்குத் தடை போட்டார்கள். பிறகு நிபந்தனைகளோடு அனுமதித்தார்கள். காற்றுக்கும் வரம்பு கட்டினார்கள். விஷயம் அதோடு தீர்ந்ததா? இல்லை. 2021 ஜனவரி 13-ந் தேதி, அதே ஜலசந்தியில், இன்னொரு ட்ரெய்லர் காற்றில் இடம் பெயர்ந்தது. தெய்வாதீனமாக யாருக்கும் காயமில்லை. மறுபடி தடை, மறுபடி விசாரணை. இரண்டு வருஷம் கழித்து இரண்டாவது முறை என்பதுதான் எனக்கு முதல் விபத்தைவிட அதிகக் கலக்கம் தருகிறது.

யார் உப்புப் போட்டது?

ஒரே சரக்கு லாரி, ரயில், கப்பல் என்று மாறி மாறிப் பிரயாணம் செய்வது இந்தக் காலத்து ஏற்பாடு. சாமானை இறக்கி ஏற்றுவதில்லை. பெட்டியை அப்படியே மாற்றுகிறார்கள். 1956 ஏப்ரல் 26-ந் தேதி 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 பெட்டிகளோடு அமெரிக்காவில் நெவார்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளியின் யோசனை அது. இன்று நம் வீட்டு மிக்சியிலிருந்து குழந்தையின் பொம்மை வரையில் இந்தப் பெட்டிகளில்தான் ஊர் ஊராகப் போய்வருகின்றன.

சௌகரியம் பெரிது. சங்கடமும் அதிலேயே இருக்கிறது. பெட்டியை நிரப்புகிறவர் ஒருவர். லாரியில் கொண்டுபோகிறவர் வேறொருவர். கிரேன்காரர், ரயில்காரர், கப்பல்காரர் எல்லாரும் தனித்தனி. கல்யாணச் சமையலில் ஆளுக்கு ஆள் 'அவர் போட்டிருப்பார்' என்று நினைத்துக்கொண்டு, கடைசியில் சாம்பாரில் உப்பே இல்லாமல் போகுமே, அந்தக் கதைதான்.

பெட்டியின் எட்டு மூலைகளிலும் கனமான எஃகு வார்ப்புகள் இருக்கின்றன; அவற்றில் முட்டை வடிவமான துவாரங்கள். 'ட்விஸ்ட் லாக்' என்ற பூட்டின் தலை அதற்குள் நுழைந்து, கால் சுற்றுத் திரும்பினால் பிடித்துக்கொள்ளும். மெக்லீனிடம் வேலை பார்த்த கீத் டான்ட்லிங்கர் என்ற எஞ்சினீயர் அமைத்த ஏற்பாடு இது. லாரியானாலும் கப்பலானாலும் இதே துவாரம், இதே திருகு. டிபன் கேரியரின் கொக்கி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கொக்கி தேய்ந்திருந்தால் என்ன ஆகும் என்பது ரசத்தைக் கொட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும்.

மேலே எத்தனை பெட்டி அடுக்கினாலும் அத்தனை பாரமும் இறங்குவது அடிப் பெட்டியின் நான்கு மூலைத் தூண்களில். கூரையிலும் சுவரிலும் அல்ல. பக்கவாட்டுத் தகட்டில் சின்னச் சொட்டை விழுந்தால் பெரும்பாலும் பார்வைக்குத்தான் குறை. மூலைத் தூண் வளைந்திருந்தால் அந்தப் பெட்டியை ஒதுக்கிவைக்க வேண்டும்.

இதற்கெல்லாம் ஒரு சர்வதேச ஒப்பந்தம் உண்டு. 1972-ல் செய்து, 1977-ல் அமலுக்கு வந்தது. அதன்படி ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் உலோகத் தகடு பொருத்தியிருக்க வேண்டும். பெட்டியின் ஜாதகம் என்றே சொல்லலாம். பிறந்த தேதி, சரக்கோடு சேர்த்து எவ்வளவு எடை இருக்கலாம், தலையில் எவ்வளவு பாரம் தாங்கும் எல்லாம் அதில் இருக்கும். பெட்டி செய்து ஐந்து வருஷத்துக்குள் முதல் பரிசோதனை. பிறகு 30 மாதத்துக்கு மிகாமல் ஒவ்வொரு தடவை. இல்லாவிட்டால், கம்பெனியே அங்கீகாரம் பெற்ற முறைப்படி இடைவிடாமல் சோதித்து வர வேண்டும். சென்னையில் எண்ணூர் பக்கம் போகிறவர்கள், நின்றுகொண்டிருக்கும் கன்டெய்னர் லாரிகளின் கதவில் இந்தத் தகட்டைப் பார்க்கலாம். ஓடுகிற லாரிக்குப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டாம்!

ஜாதகம் சரியாக இருந்தாலும் உள்ளே இருக்கும் எடை பொய்யாக இருந்தால் பயனில்லை. 2007 ஜனவரியில் 'எம்.எஸ்.சி. நாபொலி' என்ற கப்பல் இங்கிலீஷ் கால்வாயில் புயலில் அடிபட்டு உடம்பு பிளந்தது. கப்பலின் கட்டுமானத்திலேயே பலக்குறைவு இருந்தது. எடை மட்டும் காரணம் அல்ல. ஆனால், தளத்தின்மேல் நனையாமல் இருந்த 660 பெட்டிகளை நிறுத்துப் பார்த்தபோது, 137 பெட்டிகளில் சொன்ன எடைக்கும் உண்மை எடைக்கும் மூன்று டன்னுக்குமேல் வித்தியாசம் இருந்தது. புளி வாங்கும்போது தராசு முள்ளை உற்றுப் பார்க்கிற நமக்கு இது நம்பக்கூட முடியாத சமாசாரம்.

எடையைப் பற்றி உலகத்துக் கப்பல்களுக்கெல்லாம் கண்டிப்பான விதி வந்தது 2016 ஜூலை 1-ந் தேதிதான். சரக்கு ஏற்றிய பெட்டியை முழுசாக நிறுக்கலாம். அல்லது உள்ளே வைத்த ஒவ்வொன்றையும், கட்டப் பயன்படுத்திய கட்டை, கயிறு உள்பட, நிறுத்துக் காலிப் பெட்டியின் எடையோடு கூட்டலாம். எப்படிச் செய்தாலும் சரக்கை அனுப்புகிறவர் சார்பில் பொறுப்பான ஒருவர் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாத பெட்டியைக் கப்பலில் ஏற்றக் கூடாது.