காமாக் கதிர் வெடிப்பும் நமது பூமியும்

1963ஆம் ஆண்டு அணுகுண்டுப் பரிசோதனைகளை மட்டுப்படுத்தும் உடன்படிக்கையொன்று கைச்சாத்தாயிற்று. அதனை மீறி எவரேனும் விண்வெளியில் குண்டு வெடிக்கின்றனரோ எனக் கண்காணிக்க, வேலா என்னும் செய்மதிகளை அமெரிக்கா ஏவியது. 1967 யூலை 2ஆம் நாள் அவற்றின் கருவிகள் காமாக் கதிர்ப் பொழிவு ஒன்றைப் பதிவு செய்தன. ஆயின், அது மனிதன் வெடித்த குண்டன்று. அண்டத்தின் ஆழத்திலிருந்து வந்தது. இத்தகைய பொழிவுகள் பற்றிய செய்தி 1973இலேயே வெளியிடப்பட்டது.

பெரியதொரு விண்மீன் எரிபொருள் தீர்ந்து தன்னுள்ளே இடிந்து வீழும்போதோ, இரு நியூத்திரன் விண்மீன்கள் மோதும்போதோ இவ்வெடிப்பு நிகழ்கின்றது. கதிர்கள் எத்திசையும் பரவாமல், கலங்கரை விளக்கின் ஒளிபோல் ஒடுங்கிய இரு கற்றைகளாகப் பாய்கின்றன.

இதனாற் பூமிக்கு ஆபத்து உண்டா? சில ஆயிரம் ஒளியாண்டுத் தொலைவுக்குள் வெடிப்பு நேர்ந்து, கற்றையும் நம்மை நோக்கியிருந்தால் உண்டு. காமாக் கதிர்களின் பெரும்பகுதியை வளிமண்டலம் தடுத்துவிடும். ஆனால், அப்போது காற்றிலுள்ள நைதரசன் சிதைந்து ஒட்சிசனுடன் சேர்ந்து ஒட்சைட்டுகளாகி, ஓசோன் படையை அழிக்கும். பின்னர் ஞாயிற்றின் ஊதாக்கடந்த கதிர்கள் மிகுதியாக இறங்கிப் பயிர்களையும் கடலின் நுண்ணுயிர்களையும் வருத்தும். வெடிப்பு சில கணங்களில் ஓய்ந்துவிடும். ஓசோன் படை மீள்வதற்கோ ஆண்டுகள் பல வேண்டும்.

2022 ஒக்டோபர் 9இல் ஏறக்குறைய 200 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலிருந்து வந்த கதிர்கள், சிற்றலை வானொலிக்கு உதவும் அயன்மண்டலத்தையே கலக்கின. எனினும் உயிர்களுக்குத் தீங்கு நேரவில்லை. அண்மையில் இத்தகைய வெடிப்பு நேர்வது மிக அரிது. அதனைத் தடுப்பதும் நம் கையில் இல்லை. ஆனால், அதே ஓசோன் படையை மனிதரின் இரசாயனப் பொருள்களே அரித்தபோது, 1987இல் மொன்றியலில் நாடுகள் கூடி அதற்குத் தடையிட இணங்கின. நம்மால் இயன்ற காவல் அதுவே.