எழுதுமேசையும் திரைச் சாளரங்களும்

எழுத அமரும் ஒருவர் தம் மேசையை எவ்வாறு ஒழுங்குசெய்து கொள்கிறார் என்பது கவனிக்கத்தக்கது. எழுதுதாள் நடுவே இருக்கும். அகராதி இடப்புறத்தே இருக்கும். பார்த்தெழுதும் நூல் வலப்புறத்தே விரிந்து கிடக்கும். மைக்கூடு கைக்கு எட்டும் தொலைவில், ஆனால் கை தட்டிவிடாத இடத்தில் இருக்கும். இவ்வொழுங்கை எவரும் கற்பித்தாரல்லர், பழக்கமே கற்பித்தது. ஒரு சொல்லின் பொருளை அறிய அவர் விரும்பிய வேளையில், வேறொருவர் வந்து அகராதியை எழுதிக்கொண்டிருக்கும் தாளின் மீதே விரித்து வைத்தால் என்ன நேரும்? சொல்லின் பொருள் கிடைக்கும். சொல்லவந்த கருத்தோ கைநழுவிப் போகும்.

கணினித் திரையில் இத்தகைய இடையூறு நாள்தோறும் நிகழ்கின்றது. செய்நிரல்களையும் கட்டுரைகளையும் எழுதுவதற்கு உதவும் உரைத்தொகுப்பிகளில், எழுதும் பகுதியோடு துணைக் கருவிகள் பலவும் உள்ளன. கோப்புகளின் பட்டியல், தேடியவற்றின் விளைவு, பிழைகளின் அறிவிப்பு, உதவிக் குறிப்பு என்பன அவற்றுட் சில. இவை ஒவ்வொன்றும் திரையில் இடம் கேட்கின்றன. எதற்கு எங்கே, எவ்வளவு இடம் அளிப்பது என்பதே சாளர அமைப்புக் கலையின் வினாவாகும்.

இவ்வினா புதியதன்று. 1978ஆம் ஆண்டில் வெளிவந்த வீ.ரி. 100 என்னும் புகழ்பெற்ற திரைமுனையம், வரிக்கு 80 எழுத்தாக 24 வரிகளையே காட்டவல்லதாயிருந்தது. அந்த 80 என்னும் எண்ணும், ஐ.பீ.எம். நிறுவனம் 1928இல் அறிமுகஞ் செய்த துளையட்டையின் 80 நிரல்களிலிருந்து வழிவழியாக வந்ததே. அத்துணைச் சிறிய பரப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட உரைகளைக் காண வேண்டின், பங்கீடு தவிர்க்க முடியாததாயிற்று.

இப்பங்கீட்டை நன்கு விளக்குவதற்கு ஈமாக்ஸ் என்னும் உரைத்தொகுப்பி சிறந்த சான்றாகும். அது 1976இல் அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்திலே தோன்றியது. அதனைத் தோற்றுவித்தோருள் முதன்மையானவர் ரிச்சட் ஸ்ரோல்மன். அவர் புதிதாக எழுதிய குனூ ஈமாக்ஸ் 1985இல் வெளியாகி, இன்றும் வளர்ந்து வருகின்றது.

ஈமாக்ஸ் மூன்று பொருள்களை வேறுபடுத்திக் காட்டுகின்றது. உரை தங்கியிருக்கும் இடம் பஃபர் எனப்படும். அவ்வுரையைக் கண்ணுக்குக் காட்டும் திறப்பு சாளரம் எனப்படும். சாளரங்கள் யாவற்றையும் தன்னுள் அடக்கிய முழுப்பரப்பு சட்டகம் எனப்படும். வீட்டின் யன்னலைச் சாத்துவதால் வெளியே நிற்கும் மரம் அழிந்துபோவதில்லை. அவ்வாறே சாளரத்தை மூடுவதால் உரை அழிவதில்லை. ஒரே உரையின் தொடக்கத்தை ஒரு சாளரத்திலும் முடிவை மற்றொரு சாளரத்திலும் வைத்துப் பார்த்தலும் கூடும்.

சாளரங்களை வைக்கும் முறை இருவகைப்படும். ஒன்றன்மேல் ஒன்று கவிந்து கிடக்க விடுதல் ஒருவகை. தரையில் ஓடு பதித்தாற்போல் அருகருகே பொருத்துதல் மற்றொருவகை. மைக்குரோசொஃப்ற் நிறுவனத்தின் விண்டோஸ் 1985இல் வெளிவந்தபோது அருகருகே பொருத்தும் முறையையே கைக்கொண்டது. 1987இல் வந்த இரண்டாம் பதிப்பிலேதான் கவிந்து கிடக்கும் முறை இடம்பெற்றது. ஆயினும் உரைத்தொகுப்பிகள் பெரும்பாலும் பழைய முறையையே விடாது பற்றியுள்ளன. எழுதுவோருக்கு வேண்டிய வரி ஒன்று மற்றொன்றின் அடியில் மறைந்து போகலாகாது என்பதே அதன் காரணம்.

இனி, இடர் எங்கே தோன்றுகிறது எனில், அழையாமல் வரும் கருவிகளாலே தோன்றுகிறது. ஒருவர் இரண்டு உரைகளை அருகருகே வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார் எனக் கொள்வோம். உதவிக் குறிப்பொன்றை அவர் கேட்கிறார். ஈமாக்ஸின் இயல்பான விதிப்படி, சாளரம் ஒன்று 160 எழுத்து அகலமோ 80 வரி உயரமோ உடையதாயின் அதனைப் பிளந்து புதிய சாளரம் அமைக்கப்படும். அத்துணை இடமில்லையாயின், முன்னரே உள்ள மற்றொரு சாளரத்தில் குறிப்புத் தோன்றும். ஒப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டாம் உரை கண்ணைவிட்டு மறையும். உரைக்குத் தீங்கில்லை, எழுதுவோரின் எண்ணத் தொடர்ச்சிக்கே தீங்கு.

இதனை நீக்குதற்கு அமைந்ததே பக்கச் சாளர முறை. சட்டகத்தின் நடுப்பகுதி எழுத்துக்கென ஒதுக்கப்படுகின்றது. அதன் இடம், வலம், மேல், கீழ் என்னும் நான்கு பக்கங்களும் கருவிகளுக்கு உரியன. ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கைகள் எண்ணிட்டு வகுக்கப்படும். பூச்சியம் நடு இருக்கை. குறை எண்கள் அதற்கு முன்னும், மிகை எண்கள் அதற்குப் பின்னும் அமையும். உரையின் பெயர் இன்னதாயின் அதன் இருக்கை இன்னது என்று எழுதுவோரே விதி வகுத்துவைக்கலாம். அதன்பின், உதவிக் குறிப்பு எத்தனைமுறை வரினும் தனக்குரிய இருக்கையிலேயே வந்தமரும். பக்கச் சாளரம் ஒன்றைத் திரை முழுவதையும் ஆளும் ஒரே சாளரமாக்க முயன்றாலும் ஈமாக்ஸ் அதற்கு இடங்கொடாது. விருந்தினர் திண்ணையில் அமரலாம். வீட்டை உரிமையாக்கிக் கொள்ளல் ஆகாது.

எக்கருவிக்கு எப்பக்கம் பொருந்தும்? கருவியின் வடிவமே இதற்கு விடை கூறும். கோப்புப் பட்டியலின் வரிகள் குறுகியவை, எண்ணிக்கையில் மிக்கவை. ஆதலால் ஒடுங்கி நீண்ட இடப்பக்கம் அதற்கு ஏற்றது. பிழை அறிவிப்பின் வரிகள் நீண்டவை, ஒரே வேளையில் சிலவே வேண்டப்படுபவை. ஆதலால் அகன்று தாழ்ந்த கீழ்ப்பக்கம் அதற்கு உகந்தது. உதவிக் குறிப்பு ஊன்றிப் படிக்கப்படுவது. திரை அகன்றதாயின் வலப்பக்கம் அதற்குத் தக்கது. 200 எழுத்து அகலமுடைய திரையில் பட்டியலுக்கு 30, உரைக்கு 80, குறிப்புக்கு 80 எனப் பங்கிட்டால் எல்லைக் கோடுகளுக்கும் இடம் எஞ்சும். 80 எழுத்தே கொள்ளும் திரையிலோ இதே பங்கீடு பயன்படாது. அங்கே கீழே சில வரிகளை மட்டும் கருவிக்கு அளித்து, வேண்டாதபோது மறைத்துவிடுதலே அறிவுடைமை. பக்கச் சாளரங்கள் அனைத்தையும் ஒரே கட்டளையால் மறைக்கவும் மீட்கவும் ஈமாக்ஸில் வழியுண்டு.

சில வேளைகளில் கருவிகளே முதன்மை பெறுதலும் உண்டு. செய்நிரலின் பிழையைத் துருவி ஆராயும்போது, ஈமாக்ஸ் ஆறு சாளரங்களை ஒருங்கே விரிக்கவல்லது. கட்டளை உரையாடல், மாறிகளின் பெறுமானம், மூலநிரல், உள்ளீடும் வெளியீடும், அழைப்புகளின் அடுக்கு, நிறுத்தற் புள்ளிகள் என்பன அவை. ஆராய்ச்சி முடிந்ததும் முந்திய அமைப்புக்கு மீளல் வேண்டும். ஆதலின் சாளர அமைப்பை ஓர் எழுத்தின் பெயரால் சேமித்து, பின்னர் மீட்டெடுக்கும் வசதியும் அங்கே செய்யப்பட்டுள்ளது.

மைக்குரோசொஃப்ற் நிறுவனம் 2015இல் அறிமுகஞ் செய்த விசுவல் ஸ்ரூடியோ கோட், இடப்புறப் பட்டியும் கீழ்ப் பலகையும் கொண்ட அமைப்பை ஆயத்தமாகவே அளிக்கின்றது. புதிதாகக் கற்கும் மாணவருக்கு அது எளிது. ஈமாக்ஸோ விதிகளை எழுதும் உரிமையைப் பயன்படுத்துவோர் கையில் அளிக்கின்றது. அஃது உழைப்பை வேண்டுவது. ஆயினும் அவரவர் தேவைக்கு அமைவது. கண்பார்வை குன்றியோர் எழுத்தை இருமடங்கு பெரிதாக்கினால், 160 எழுத்துக் கொண்ட திரை 80 எழுத்தாகக் குறுகும். பிறர் வகுத்த அமைப்பு அப்போது அவருக்கு நெருக்கடியாகும். தாமே வகுத்த அமைப்பு துணையாகும்.

ஆகவே சாளர அமைப்பை வகுப்போர் மனத்திற் கொள்ளத்தக்கவை மூன்று. நடுவிலுள்ள உரை இடம்பெயரலாகாது. கருவி ஒவ்வொன்றும் எதிர்பார்த்த இடத்திலேயே தோன்றுதல் வேண்டும். அதன் பணி முடிந்ததும், முன்பிருந்த காட்சி முன்பிருந்தவாறே மீளுதல் வேண்டும். திரை எத்துணை அகன்றாலும் மனிதனின் கவனம் ஒன்றே. அதனைச் சிதறவிடாது காப்பதே நல்ல மேசைக்கும் நல்ல திரைக்கும் பொதுவான இலக்கணமாகும்.